சனிக்கிழமை ஒருசந்தி

செய்தி வந்த நேரம் பேர்பெச்சுவா மேல் மாடியில் கலியாணக் கூறை உடுத்துக்கொண்டிருந்தாள்.

அகதிகளுக்கென்று விட்டிருந்த அந்த வீடு ஒரு காலத்தில் கடல் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியாக இருந்ததாம். இப்போது அதற்கு ஹைம் என்று பெயர். படிக்குக் கீழே சுவரில் ஒரு தொலைபேசி இருந்தது. இங்கிருந்து ஒருவரும் எண் சுழற்ற முடியாதபடி அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்; வெளியிலிருந்து வந்தால் எடுக்கலாம். நல்ல செய்தி ஒன்றும் அதில் வந்ததாகச் சரித்திரமில்லை. தங்கைக்குத் தலை வாரிய சீப்பைக் கையில் பிடித்தபடியே பேர்பெச்சுவாவின் அக்கா யோசப்பின் இறங்கிவந்து எடுத்தாள்.

டோர்ட்மண்டிலிருந்து தம்பித்துரை. சின்னம்மாவின் மகன், தம்பி முறை.

"அக்கா, பேர்பெச்சுவா பக்கத்திலை நிக்கிறாளே?"

"இல்லை, மேலை நிக்கிறாள். இண்டைக்கு இஞ்சை ஊர்வலமெல்லோ, வெளிக்கிடுறாள். ஏன்?"

"இல்லை அக்கா... சூசை அத்தானுக்குக் கொஞ்சம் கடுமையாம்."

யோசப்பின் அப்படியே படியில் இருந்துவிட்டாள். சூசைநாதன் பேர்பெச்சுவாவின் புருசன். கொஞ்சம் கடுமை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா. எத்தனை பேருக்கு அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"தம்பி, என்னட்டை உந்தக் கதை வேண்டாம். நானும் பாசையூரிலை பிறந்தனான்தான். ஆள் இருக்குதோ, இல்லையோ?"



"இல்லை அக்கா. வியாழக்கிழமை விடியப்புறம். வலை இழுத்துக்கொண்டு நிக்கேக்கை வெடி பட்டதாம். சுட்டது ஆர் எவரெண்டு என்னட்டைக் கேளாதேங்கோ."

"ஆளைக் கரைக்குக் கொண்டுவந்தவையோ?"

"ஓம் அக்கா. அது கிடைச்சுது. நேற்றுப் பின்னேரமே அடக்கம் பண்ணிப்போட்டினம்."

"அதெண்டாலும் கிடைச்சுதே" என்றாள் யோசப்பின். கடற்கரையில் பிறந்த பெண்ணுக்கு முதலில் வாயில் வருகிற கேள்வி அதுதான்.

மேலேயிருந்து பேர்பெச்சுவா கூப்பிட்டாள். "அக்கா, கொசுவத்துக்கு ஊசி காணாது. கீழை கிடந்தா எடுத்துக்கொண்டு வா."

"வாறன்" என்றாள் யோசப்பின். எப்படித்தான் அந்தக் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்ததோ.

குசினியில் அவள் புருசன் கிறிஸ்தோப்பர் பாண் வெட்டிக்கொண்டிருந்தான். ஊரில் அவனும் சூசைநாதனும் ஒரே வள்ளத்துக்காரர். செய்தியைக் கேட்டதும் கத்தியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அழுகிறான் என்பது தோளில்தான் தெரிந்தது.

"போய்ச் சொல்லு" என்றான் கடைசியில். "இப்பவே சொல்லிப்போடு."

"வெறுவயித்திலையோ? உங்களுக்கு விசரே?"

"கூறையைக் கட்டிக்கொண்டு தெருவிலை போகப்போறாளெடி. அவன் மண்ணுக்கை கிடக்கிறான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? அவள் ஒரு வாய் சாப்பிடட்டும். சாப்பிட்ட உடனை சொல்லுறன்."

அது பாசையூர் வழக்கம். கடலில் ஒருவன் போய்விட்டான் என்று கரைக்குச் செய்தி வந்தால், பெண்கள் அவன் பெண்சாதியிடம் வெறுங்கையோடு போகமாட்டார்கள். சோறோ பிட்டோ, இருக்கிறதை ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். ஊர்க்கதை கதைத்து, அவளைச் சாப்பிட வைத்து, கை கழுவிய பிறகுதான் வயதில் மூத்த ஒருத்தி வாய் திறப்பாள். அதற்குப் பிறகு மூன்று நாளைக்கு அவளுக்குத் தண்ணீர் கூட இறங்காது என்று எல்லாருக்கும் தெரியும். அழுவதற்கும் உடம்பில் பலம் வேண்டுமே. வெறுவயிற்றில் கேட்டவள் எழும்பமாட்டாள் என்று சொல்வார்கள். யோசப்பின் அதைப் பூசையைப்போல நம்பினாள்.

பாணில் தடிப்பாக வெண்ணெய் பூசிச் சீனியும் தூவிக்கொண்டு மேலே போனாள். பேர்பெச்சுவாவுக்குச் சின்னப்பிள்ளையில் இருந்தே அதில் விருப்பம்.

தங்கை கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கூறை அரக்குச் சிவப்பு, தங்கச் சரிகை. அவர்களுடைய கலியாணங்களில் கோயிலுக்கு வெள்ளைச் சீலை, தாலி கட்டி வந்த பிறகுதான் கூறை. ஆக மொத்தம் அரை நாள் கட்டியிருப்பாள். அவள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது சூசைநாதன்தான் அதைப் பையில் அடியில் வைத்தவன். 'நான் வந்து இறங்கிற அண்டைக்குக் கட்டிக்கொண்டு நில்' என்றானாம், பகிடியாக. வள்ளத்தை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு ஆவணிக்குள் வந்துவிடுவேன், அகதிகள் வருகிற பெர்லின் பாதையை மூடப்போகிறார்களாம், அதற்கு முந்தி வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான்.

"இந்தா, பாண். சாப்பிட்டுட்டு வெளிக்கிடு."

"அக்கா, இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ."

யோசப்பினுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூசைநாதன் வந்து சேரும்வரைக்கும் சனிக்கிழமைகளில் மடுக் கோயில் மாதாவுக்கு ஒருசந்தி பிடிப்பதாகத் தங்கைக்கு நேர்த்தி. நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் பொழுது பட்ட பிறகு. ஊரில் அது சுகம். ஏழு மணிக்கு முந்தி இருட்டிவிடும். இந்தக் கோதாரி பிடித்த நாட்டில் ஆவணி மாதத்துச் சூரியன் ஒன்பது மணியாகியும் கடலுக்கு மேலே நின்று முழிசிக்கொண்டிருக்கும். பேர்பெச்சுவா அதற்காக ஒரு சலுகையும் எடுத்துக்கொள்ளவில்லை. சன்னலடியில் இருந்து அது கடலுக்குள் முழுதாக இறங்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள்.

"இண்டைக்கு நடக்கவேணும், வெயில், காத்து. ஒரு நாளைக்கு விட்டா மாதா குறை நினைக்கமாட்டா" என்றாள் யோசப்பின்.

"இவ்வளவு நாளும் பிடிச்சுப்போட்டு இப்ப விடுறதே? அவர் வழியிலை வாற நேரம்."

மூலையில் பூ கட்டிக்கொண்டிருந்த ஞானமலருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் எதிர் அறைக்காரி, குருநகர்ப் பெண். பக்கத்து வளவு வெள்ளை ரோசாவை ஆய்ந்து மாலை மாதிரிக் கட்டியிருந்தாள். யோசப்பின் அவளை ஊசி எடுக்கவென்று வெளியே கூட்டிப்போய்க் காதுக்குள் சொன்னாள். சொன்ன கையோடு அவள் வாயைப் பொத்த வேண்டியும் வந்தது. திரும்பி வந்து பூவை வைத்துவிடும்போது ஞானமலரின் கண் நிறைந்து வழிந்தது. யோசப்பின் அவளுடைய முழங்கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

"என்ன அக்கா, அழுறியள்?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள் பேர்பெச்சுவா.

"ரோசாவிலை முள்ளடி. குத்திப்போட்டுது."

கீழே கார் ஊதியது. பீற்றர்சன் அம்மா வந்துவிட்டாள். இறால்காரரின் விதவை, நல்ல மனுசி. இந்த ஊர்க் கடலில் பிடிக்கிறது கூனிறால். படகிலேயே அவித்துக் கூடை கூடையாகக் கொண்டுவருவார்கள். ஊர்ப் பெண்கள் வீட்டு மேசையில் கொட்டி வைத்து உரித்துக் கொடுப்பார்கள். அகதிகள் வேலை செய்யக்கூடாது என்று சட்டம். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கை கொடுக்கக்கூடாது என்று சட்டமில்லையே. தலையையும் வாலையும் பிடித்து ஒரு திருகு திருகி இழுக்கப் பீற்றர்சன் அம்மா காட்டிக்கொடுத்தாள். பேர்பெச்சுவாவின் கையில் அது ஒரு கிழமையில் படிந்துவிட்டது. பின்னேரம் ஒரு சட்டி இறால் இவர்களுக்கு வரும்.

வருசா வருசம் இறால் திருநாளுக்கு வேசம் கட்டி ஊர்வலம் போவது அந்த ஊரின் வழக்கம். உங்கள் ஊர் உடுப்பில் நீங்களும் நடவுங்கள், சனங்கள் உங்களைப் பார்க்கட்டும், பழகட்டும் என்று கேட்டவள் பீற்றர்சன் அம்மாதான். கலர்ப் படம் எடுத்துத் தருவேன் என்றும் சொன்னாள். பேர்பெச்சுவா அந்தப் படத்துக்குத்தான் ஓம் என்றாள். புருசனுக்கு அனுப்பவேண்டுமாம்.

"போகவேண்டாமெண்டு சொல்லுவம்" என்று படியடியில் கிறிஸ்தோப்பர் மனைவியின் காதில் சொன்னான். "தலையிடியெண்டு சொல்லு. ஏதாவது சொல்லு."

"சொல்லி? இஞ்சை அறைக்கை இருத்திவைச்சு அவளின்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டிருக்க உங்களாலை ஏலுமோ? பொழுது படுமட்டும்?"

அவனால் ஏலாது. அவளாலும் ஏலாது. உண்மையைச் சொன்னால், சனத்துக்குள் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றுதான் யோசப்பின் நினைத்தாள். அங்கே எதையாவது தின்ன வைத்துவிடலாம் என்றும் ஒரு நப்பாசை இருந்தது.

கடற்கரை அணைக்கட்டு நெடுக சனம். ஜேர்மன்காரருக்குக் கொஞ்சம் வெயில் எறித்தால் போதும், பாதி உடுப்பைக் கழற்றிவிடுவார்கள். அன்றைக்கு வடமேற்குக் காற்று ஊசியாகக் குத்தியும் அப்படித்தான் நின்றார்கள். கடல் வற்றிச் சேறு தெரிந்தது. முன்னால் பித்தளை வாத்தியக்காரர். பிறகு ஒற்றைக் கண்ணைக் கட்டிய கடற்கொள்ளைக்காரர், வெள்ளித் தாளில் செதில் ஒட்டிய கடல்கன்னிகள், செம்மஞ்சள் கடதாசியில் மீசை வைத்த இறால் குழந்தைகள். வெள்ளைத் தொப்பி போட்ட கிழவிகள் அந்தக் காலத்து மீன்காரிகளாக மரவாளி தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதற்குப் பின்னால் இவர்கள்: கிறிஸ்தோப்பர் வேட்டியில், யோசப்பினும் ஞானமலரும் நூல் சீலையில், நடுவில் கூறையில் பேர்பெச்சுவா.

சனம் அவளைக் கண்டதும் கை தட்டியது. 'ஷோன், ஷோன்' என்று கிழவிகள் சொன்னார்கள். அழகுதான், யார் இல்லையென்றது. காற்று முந்தானையைப் பிடித்து இழுக்க, ஒரு கையால் அதை அமத்திக்கொண்டு மற்றக் கையால் எல்லாருக்கும் கை காட்டினாள். ஊரில் கலியாணத்தன்றும் தலை நிமிராத பெண். மற்ற எல்லாரும் வேசம். அவள் ஒருத்திதான் தன்னுடைய உடுப்பில் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தாள். நேற்றுப் பின்னேரம் அங்கே மண் போட்ட நேரம் இவள் இந்தச் சரிகையை மினுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா என்று ஒருத்தி பக்கத்தில் இருந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைக்க யோசப்பினுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"குளிருது, கம்பளிச் சட்டையைப் போடு பிள்ளை."

"படம் எடுக்கட்டும் அக்கா. சட்டை போட்டா கூறை தெரியாதே."

"வாழைப்பழம் ஒண்டு வைச்சிருக்கிறன். அது சாப்பாட்டிலை சேராது."

"பழம் சாப்பிடலாமெண்டு ஆர் உனக்குச் சொன்னது?" பேர்பெச்சுவா சிரித்தாள். "அத்தான், இவவுக்கு இண்டைக்கு என்ன பிடிச்சிருக்கு?"

"நடந்து களைச்சிடுவாயெண்டு சொல்லுறா" என்றான் கிறிஸ்தோப்பர், அவளைப் பார்க்காமல்.

துறைமுக மேடையில் கடல் ராசா இருந்தான். பாசி மாதிரிப் பச்சைத் தாடி, கையில் முச்சூலம். நேற்றுவரை பாண் பேக்கரிக்காரனாக இருந்தவன். புதிதாக நடக்க வருகிறவர்களைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே ஒரு பிடி இறால் ஊட்டிவிடுவது அவன் வேலை. தின்றவர்களைக் கடல் பிறகு கைவிடாதாம். பேர்பெச்சுவாவைக் கண்டதும் எழும்பிக் குனிந்து கும்பிட்டு, உரித்த இறாலை அள்ளி அவள் வாய்க்கு நேரே நீட்டினான். சனம் கை தட்டியது. சாப்பிடு என்று யோசப்பின் தன் மனதுக்குள் மன்றாடினாள். இத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். அந்த ஒரு பிடி போதும், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிடலாம்.

பேர்பெச்சுவா இரண்டு கையையும் ஏந்தி அதை வாங்கினாள். கைலேஞ்சியை விரித்து அதில் முடிந்துகொண்டாள். தெரிந்த ஜேர்மன் பாசையில், மாலை, மாலை, சூரியன் போகட்டும் என்று கடல் ராசாவுக்குச் சொன்னாள். அவனுக்கு என்ன விளங்கியதோ, தாடியை ஆட்டிச் சிரித்தான். பீற்றர்சன் அம்மா அந்த நேரம் பார்த்துப் படத்தை எடுத்தாள்.

"அவருக்கு வைச்சுக் குடுக்கேலாது, பழுதாப்போம். பின்னேரம் சொதிக்கை போடுவம்" என்று பேர்பெச்சுவா இறங்கிவந்து சொன்னாள். "எங்கடை சூசை இதைப் பாத்தா என்ன சொல்லுவார் தெரியுமே? இந்தப் பொடி இறாலுக்கோ இவ்வளவு மேளம் எண்டுவார்."

ஞானமலர் மீன் வைத்த பாண் விற்கிற கடைப்பக்கமாக விலகிப் போய்விட்டாள். கிறிஸ்தோப்பர் செருப்பைக் கழற்றி, அதில் இல்லாத கல்லைத் தட்டினான்.

மூன்று மணிபோல அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "இஞ்சேர் பேர்பெச்சுவா. ஊரிலை இப்ப பொழுது பட்டிட்டுது. இஞ்சை மூண்டெண்டா அங்கை ஆறரை. நேர்த்தி வைச்சது மடு மாதாவுக்கெல்லோ? அவ அங்கைதானே இருக்கிறா. நீ சாப்பிடலாம்." ஞானமலர் வாங்கிவந்த மீன் பாணை நீட்டினான்.

கெட்டித்தனமான கதைதான். பேர்பெச்சுவா பாணைக் கையில் வாங்கிக்கூடப் பார்த்தாள். சொல்லவேண்டிய வார்த்தை யோசப்பினின் நாக்கில் வந்து நின்றது. ஐயோ, இப்போதே வேண்டாம் என்று ஒரு மனம் பின்னால் இழுத்தது.

"மாதாவுக்கு நான் இஞ்சை நிக்கிறது தெரியாதோ, அத்தான்?" என்றாள் பேர்பெச்சுவா. பாணைத் திருப்பிக் கொடுத்தாள். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. அத்தானை ஒருதரம் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரைக்கும் அவள் கை காட்டவில்லை.

ஐந்து மணிக்கு ஹைமுக்கு வந்தார்கள். கிறிஸ்தோப்பர் அரிசி போட்டான். யோசப்பின், தங்கையின் கைலேஞ்சியை அவிழ்த்து அந்த இறாலையே போட்டு, தகரத்துத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தாள். இனிப் பொழுது படும்வரைக்கும் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. டோர்ட்மண்டிலிருந்து தம்பித்துரை திரும்ப எடுக்கலாம். வேறு யாராவது எடுத்து, இவள் கையில் தொலைபேசி போய், யாரோ ஒருவர் பட்டென்று சொல்லிவிட்டால்? அதைவிட வேறு வினை வேண்டுமா.

பேர்பெச்சுவா கூறை மாற்றாமல் கட்டில் விளிம்பில் இருந்தாள். ரோசாப்பூ காற்றில் உதிர்ந்து, நூல்தான் தலையில் கிடந்தது. சோற்றுக் கோப்பையோடு யோசப்பின் வந்தாள். பின்னால் கிறிஸ்தோப்பர். கதவடியில் ஞானமலர், தண்ணீர்ச் செம்போடு.

"ஏன் மூண்டு பேரும் வந்து நிக்கிறியள்?"

ஞானமலர் செம்பை நிலத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கிறிஸ்தோப்பரும் அவள் பின்னால் போனான்.

யோசப்பின் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சோற்றைச் சொதியோடு பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டித் தங்கையின் வாய்க்கு நேரே பிடித்தாள். "ஒரு வாய், குஞ்சு. பாவமெண்டா அது என்னைச் சேரட்டும்."

பேர்பெச்சுவா சோற்றைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைத்தான் பார்த்தாள்.

"அப்பு செத்த அண்டைக்கு மரியம்மா மாமியும் இப்பிடித்தான் அம்மாவுக்குத் தீத்தினவ."

"உனக்கு அப்ப என்ன வயசு? நீ சின்னப்பிள்ளை."

"அம்மான்ரை மடியிலை நான்தானே இருந்தனான். மீன் குழம்பும் சோறும். எனக்கும் ஒரு வாய் தந்தவ. பிறகு அம்மாவுக்குக் கை கழுவ வாத்தவ. பிறகுதான் சொன்னவ."

வெளியே அணைக்கட்டுப் பக்கம் வாத்தியக்காரர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்கள். சின்னப்பிள்ளைகள் கத்தி விளையாடுவது கேட்டது.

"காலமை பாண் கொண்டுவந்தனீ. பிறகு வாழைப்பழம். பிறகு அத்தான் மாதாவின்ரை மணிக்கூடு பாத்தவர்." பேர்பெச்சுவாவின் குரல் உயரவில்லை. "அக்கா, நீ ஒண்டும் சொல்லாதை."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே, என்ரை பிள்ளை."

"சோத்தை அங்காலை வை. நான் சாப்பிடமாட்டன்."

"உடம்பு தாங்காதடி. ஒரு வாய். ஒரு வாயெண்டாலும்."

"சாப்பிட்டா நீ சொல்லிப்போடுவாய்."

யோசப்பினின் கை கோப்பைக்குள் இறங்கியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போது பொங்கி, சோற்றுக் கையோடு முகத்தை மறைக்கவும் முடியாமல் அப்படியே இருந்து அழுதாள். பேர்பெச்சுவா அழவில்லை. கூறை முந்தானையை எடுத்து மடியில் ஒழுங்காக விரித்து, நிமிர்ந்து இருந்தாள். சன்னலுக்கு வெளியே சூரியன் கடலுக்கு எவ்வளவோ உயரத்தில் நின்றது.

"பொழுது படுமட்டும் அவர் இருக்கட்டும், அக்கா" என்றாள்.

யோசப்பின் தன் கையைத் துடைத்துவிட்டு, இன்னொரு கோப்பையால் சோற்றை மூடினாள். பிறகு தங்கைக்குப் பக்கத்தில் இருந்தாள்.